போல்டர் மிரட்டல் கடிதம்: கையெழுத்தா, நடையா, உள்ளடக்கமா, காகிதமா?

பெங்களூர்த் தமிழர்களில் துப்பறியும் பித்துப் பிடித்தவர்கள் இரண்டு வகை. அல்சூர் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் துப்பறியும் நாவல்களை எடுத்துப் படித்தவர்கள் ஒரு வகை. பெல்லந்தூர் சிக்னலில் நிற்கும்போது காதில் குற்றக்கதை பாட்காஸ்ட் ஓடவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு கூட்டமும் வந்து மாட்டிக்கொள்வது ஜான்பெனே ராம்ஸி வழக்கின் மிரட்டல் கடிதத்தில். வாசகர்கள் கேட்பதும் ஏறத்தாழ ஒரே கேள்விதான்: கடிதத்தின் ஸ்கேன் கையில் இருக்கிறது, சனி ஞாயிறு நேரமும் இருக்கிறது, எந்த வழியில் ஆராய்வது? கையெழுத்தை ஒப்பிடுவதா, பைத்தான் கணினி நிரலால் நடையை அளப்பதா, சொன்ன விஷயத்தை அலசுவதா, காகிதத்தையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு போவதா?

முதலில் அடிப்படைத் தகவல்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், போல்டர் நகரம். 1996 டிசம்பர் 26 காலை 5.52 மணிக்குத் தாய் பாட்ஸி ராம்ஸி போலீசுக்குப் போன் செய்கிறார். 6 வயது மகளைக் காணோம், படிக்கட்டில் இரண்டரைப் பக்கக் கடிதம் கிடக்கிறது. அன்று மதியம் ஒரு மணி வாக்கில் அதே வீட்டின் அடித்தளத்தில் குழந்தையின் உடலைத் தந்தை ஜான் கண்டெடுக்கிறார். பணம் கேட்ட கடிதமும் கொலையான குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான் இந்த வழக்கின் முடிச்சு. இன்று வரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும். அந்த முறைக்கு வேண்டிய மூலப்பொருள் வெளியாளுக்குக் கிடைக்குமா? அது உண்மையில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது: "யார் எழுதியது" என்பதற்கா, "எழுதியவருக்கு என்ன தெரிந்திருந்தது" என்பதற்கா? நம் முடிவு தப்பாக இருந்தால் அது தப்பு என்று நமக்கே தெரிய வழி உண்டா? கடைசியாக, தப்பானால் அடி யார் மேல் விழும்?

மூன்றாவதுதான் முக்கியம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்க வைக்கிற முறைகளே இந்த வழக்கில் அதிகம்.

| முறை | மூலப்பொருள் | பதில் சொல்லும் கேள்வி | தப்பு தெரியுமா |
|---|---|---|---|
| கையெழுத்து | நகல் மட்டும் | யார் எழுதியது | மறைப்புச் சோதனை (பெயரை மறைத்து வைத்துச் சோதிப்பது) வைத்தால் மட்டும் |
| மொழிநடைக் கணக்கு | சுமார் 370 சொல் | யாருடைய நடைக்கு நெருக்கம் | முன்சோதனை வைத்தால் தெரியும் |
| உள்ளடக்கமும் நேரமும் | முழுக்கக் கிடைக்கும் | என்ன தெரிந்தவர், எப்போது எழுதினார் | பெரும்பாலும் தெரியும் |
| காகிதம், மை, ரேகை | கிடைக்காது | எங்கே, எதைக் கொண்டு எழுதியது | ஆய்வகத்துக்குத் தெரியும் |

## கையெழுத்து ஒப்பீடு

எல்லோருக்கும் முதலில் கை போவது இதில்தான். இரண்டு ஸ்கேனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பார், இந்த 'கே' அப்படியே இருக்கு" என்று வட்டம் போடுவது. இதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, நகல். கடிதம் தடித்த முனையுள்ள மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டது. அழுத்தம், கோடு தொடங்கும் இடம், பேனா தூக்கிய இடம் இவற்றையெல்லாம் மார்க்கரே பாதி மறைத்துவிடும், மீதியை ஸ்கேன் தின்றுவிடும். மிச்சம் இருப்பது எழுத்தின் வடிவம் மட்டுமே. வடிவம்தான் திட்டமிட்டு மாற்ற மிக எளிதானது.

இரண்டாவது நமக்கே உரிய பள்ளம். நாம் ஆங்கிலம் எழுதப் பழகியது நாலுகோடு நோட்டில். அமெரிக்கப் பிள்ளைகள் பழகிய வார்ப்பு வேறு. அங்கே ஒரு வகுப்பே ஒரே மாதிரி எழுதும் ஓர் எழுத்து நம் கண்ணுக்கு "அபூர்வமான வளைவு" என்று படும். பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்ததை ஆளின் அடையாளம் என்று எடுத்துக்கொள்வது நிபுணர்களே எச்சரிக்கும் தவறு. ஊர் தெரியாதவருக்கு அது இரண்டு மடங்கு.

மூன்றாவது, ஒத்துப்போவதை மட்டும் எண்ணுவது. ஒத்துப்போகாததையும் எண்ணியாக வேண்டும். ஒரே ஆள் ஒரே பக்கத்தில் 'ஏ' எழுத்தை இரண்டு விதமாகப் போடுவார். அந்த இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரியாமல் ஒற்றுமைக்கு எடை கிடையாது.

மூலக் கடிதத்தையே பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? 2003-இல் அட்லாண்டா கூட்டாட்சி நீதிமன்றத்தில் ராம்ஸி தம்பதி மீது தொடுக்கப்பட்ட ஓர் அவதூறு வழக்கில் நீதிபதி ஜூலி கார்ன்ஸ் தந்த தீர்ப்பில் அது பதிவாகியிருக்கிறது. 5 என்றால் "இவர் எழுதவே இல்லை" என்று பொருள்படும் 1 முதல் 5 வரையான அளவுகோலில், ஆறு நிபுணர்கள் பாட்ஸியை 4 அல்லது 4.5-இல் வைத்தார்கள். ஜான் எழுதவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். வழக்குத் தொடுத்த தரப்பு கொண்டுவந்த கையெழுத்து நிபுணர்களில் ஒருவரின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவே இல்லை. இன்னொருவர் ஒற்றுமை வேற்றுமைகளைச் சொல்லலாம், "நிச்சயம் இவர்தான்" என்று சொல்லக் கூடாது என்றது. மூலத்தோடு உட்கார்ந்தவர்களுக்கே அந்த நிலை. பி.டி.எஃப்.-ஐப் பெரிதாக்கிப் பார்த்து "நூறு சதவீதம்" என்பவரை எங்கே வைப்பது?

ஆனாலும் முறை வெற்றுமுறை அல்ல. 1956 ஜூலை 4 அன்று நியூயார்க் லாங் ஐலண்டில் ஒரு மாதக் கைக்குழந்தை கடத்தப்பட்டு, 2,000 டாலர் கேட்டுக் கடிதம் வைக்கப்பட்ட வழக்கு. எஃப்.பி.ஐ. ஏறத்தாழ 20 லட்சம் ஆவணங்களின் கையெழுத்தைப் பார்த்து, நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலகக் கோப்பு ஒன்றில் ஆளைப் பிடித்தது. அங்கே முன்கூட்டியே சந்தேகப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு பொருத்திப் பார்க்கவில்லை. கடலளவு மாதிரி இருந்தது, அதுவும் தான் பார்க்கப்படுவோம் என்று தெரியாமல் இயல்பாக எழுதிய மாதிரி. போல்டரில் அமெச்சூர்கள் செய்வது இதற்கு நேர் தலைகீழ்.

கையெழுத்தைத்தான் எடுப்பேன் என்றால் இப்படிச் செய்யுங்கள். அமெரிக்காவில் படித்து வளர்ந்த எட்டுப் பேரிடம் அதே போன்ற மார்க்கரால், கோடு போட்ட தாளில், ஒரே வாசகத்தை எழுதி வாங்குங்கள். அதில் ஒருவர் வேறொரு நாள், எழுத்தை மாற்றி மறைத்து, இன்னொரு பக்கம் எழுதித் தர வேண்டும். பெயரை மறைத்து எண் போடுவது வேறொருவர் வேலை. அந்த மாற்றி எழுதிய பக்கம் யாருடையது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? எட்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் பிடிக்கவே 12.5 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு தடவை சரியாக வந்ததும் துள்ள வேண்டாம், பத்துத் தடவை நடத்துங்கள். இதில் தேறாதவர் ராம்ஸி கடிதத்தைத் தொடுவதில் பொருளில்லை.

## மொழிநடைக் கணக்கு

ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கிறவர்களுக்கு இதுதான் பிடிக்கும். 'த', 'ஆஃப்', 'அண்ட்' போன்ற சின்னச் சொற்களை ஒருவர் எந்த விகிதத்தில் போடுகிறார் என்று எண்ணி, மற்றவரோடு தூரம் அளப்பது. முறை நல்ல முறைதான், தீனிதான் போதாது. நடைக் கணக்கு நம்பகமாக வேலை செய்ய ஆயிரக்கணக்கில் சொற்கள் வேண்டும். கடிதத்தில் இருப்பது சுமார் 370. நூற்றுக்கு ஒரு தடவை வரும் சொல் இதில் சராசரியாக 3.7 தடவைதான் வர வேண்டும், தற்செயலாகவே ஒன்றிலிருந்து ஏழு வரை ஆடும். அந்த ஆட்டத்துக்குள் நீங்கள் தேடும் ஆள் வித்தியாசம் மூழ்கிவிடும்.

இன்னொரு சங்கடம், வகை. கிறிஸ்துமஸ் வாழ்த்து மடலையும் கடத்தல்காரன் வேஷம் போட்ட கடிதத்தையும் ஒப்பிட்டால் கணினி அளப்பது மடலுக்கும் மிரட்டலுக்கும் உள்ள தூரத்தை. ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் அதில் வராது.

எண்ணாமல் கண்ணால் பார்க்கும் மொழியாய்வு வேறு. அதில் விஷயம் இருக்கிறது. கடிதத்தின் தொடக்கத்தில் 'பிசினஸ்' என்ற சொல்லில் ஓர் 'எஸ்' கூடுதல், 'பொசெஷன்' என்பதில் ஓர் 'எஸ்' குறைவு. ஆனால் 'அட்டாஷே' என்ற பிரெஞ்சுச் சொல் மேலே கோடு சகிதம் சரியாக வந்திருக்கிறது. பிழைகள் தொடக்கத்தில் மட்டும் கூடி நிற்பதால் அவை வேஷம் என்ற வாதம் எழுந்தது. "நாங்கள் ஒரு சிறிய வெளிநாட்டுக் குழு" என்று ஆரம்பித்தவர் நடுவில் "நான் போன் செய்வேன்" என்கிறார். "மிஸ்டர் ராம்ஸி" போகப் போக "ஜான்" ஆகிறார். வேஷத்தை முதலில் போட்டவர் போகப் போக மறந்திருக்கிறார் என்பது என் கணிப்பும்கூட. அது ஒருவரின் பெயரைத் தராது.

பலரும் வழுக்கி விழுவது 'அண்ட் ஹென்ஸ்' என்ற தொடரில். கடிதத்தில் இருக்கிறது. ஓராண்டு கழித்து ராம்ஸி குடும்பம் வெளியிட்ட கிறிஸ்துமஸ் செய்தியிலும் இருக்கிறது. "மாட்டினார்கள்" என்று ஒரு கூட்டம். ஆனால் இடைப்பட்ட ஓராண்டில் அந்தக் குடும்பம் அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்திருக்கும்? கடிதத்துக்குப் பிந்திய மாதிரி கடிதத்தால் கறைபட்ட மாதிரி. முந்தியதை மட்டும் எடுக்க வேண்டும். இதில் நம் ஊர்க் கோளாறும் சேர்கிறது. 'ஹென்ஸ் ப்ரூவ்டு' என்று கணக்கு நோட்டில் எழுதியே வளர்ந்த நமக்கு அந்தச் சொல் உறுத்தாது, அமெரிக்கக் காதுக்கு உறுத்தும். ஒரு சொல் அபூர்வமா என்று நம் காதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

பேராசிரியர்களும் சறுக்கிய இடம் இது. வாசார் கல்லூரியின் டொனால்ட் ஃபாஸ்டர் 1997-இல் பாட்ஸிக்கே கடிதம் எழுதி, அவர் நிரபராதி என்பது தமக்குத் தெரியும் என்றார். மறுவருடம் போலீசிடம், எழுதியது அவர்தான் என்றார்.

வெற்றிக் கதை என்று எல்லோரும் யூனாபாம்பரை, அதாவது தபாலில் குண்டு அனுப்பிய அமெரிக்கரைச் சொல்வார்கள். அவர் வெளியிடச் செய்த அறிக்கை சுமார் 35,000 சொல். நடையை அடையாளம் கண்டது கூடப் பிறந்த தம்பி. நீளமும் கிடையாது, தம்பியும் கிடையாது என்றால் அந்த உதாரணம் நமக்கு உதவாது.

செயற்கை நுண்ணறிவிடம் கடிதத்தைப் போட்டு "யார் எழுதியது" என்று கேட்பது இப்போது புது வழக்கம். இந்த வழக்கைப் பற்றி உலகம் பேசியதையெல்லாம் விழுங்கிய கருவி, விழுங்கியதையே திருப்பித் தரும். அதை ஆய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்குதான் வேண்டும் என்றால்: பத்து அமெரிக்கர்களின் பழைய மின்னஞ்சல்களை எடுத்து, ஒவ்வொருவரிடமும் 370 சொல் துண்டு ஒன்றை வெட்டி ஒளித்துவைத்து, நிரல் ஆளைக் கண்டுபிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்தில் நான்கு வந்தால் அதுதான் உங்கள் கருவியின் தரம். ராம்ஸி கடிதத்தில் அது திடீரென்று கூர்மையாகிவிடாது.

## உள்ளடக்கமும் நேரமும்

வெளியாளுக்கு மூலப்பொருள் முழுசாகக் கிடைக்கும் ஒரே முறை இது. வாசகம் பொதுவெளியில் இருக்கிறது, நாள்காட்டி இருக்கிறது, கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும்.

தொகையைப் பாருங்கள்: 1,18,000 டாலர். ஜானுக்கு வேலையில் வந்த ஊக்கத்தொகைக்கு ஏறத்தாழ சமம். வசதியான வீட்டில் இவ்வளவு சிறிய, இவ்வளவு விசித்திரமான தொகை. இதிலிருந்து எடுக்கக்கூடியது "அந்த எண்ணைப் பார்த்திருக்க வாய்ப்புள்ளவர்" என்பது மட்டும். அதில் குடும்பம், அலுவலகம், வீட்டில் கிடந்த சம்பளச் சீட்டைப் பார்த்த எவரும் அடக்கம். வீட்டிலேயே மணிக்கணக்கில் பதுங்கியிருந்தவன் என்றாலும் பொருந்தும். வட்டம் குறுகுகிறது, ஆள் வரவில்லை.

கடிதம் நோட்டு வகையையும் சொல்கிறது: ஒரு லட்சம் நூறு டாலர் நோட்டாக, பதினெட்டாயிரம் இருபது டாலர் நோட்டாக. ஆயிரமும் தொள்ளாயிரமும் சேர்ந்து 1,900 நோட்டு. அமெரிக்க நோட்டு ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம். ஆக ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நூறு நூறாகக் கட்டினால் 19 கட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு சாண் உயரம். "போதுமான அளவுள்ள" பெட்டி கொண்டுபோகச் சொல்லும் எச்சரிக்கைக்கே இடமில்லை, ஜவுளிக்கடைப் பை போதும். எழுதியவர் பணத்தைக் கற்பனையில் பார்த்திருக்கிறாரே தவிர, வாங்கி எண்ணும் நினைப்பில் இல்லை என்று இதைப் படிக்கலாம். சினிமாவில் பார்த்த கடத்தல் மட்டுமே தெரிந்தவர் என்றும் படிக்கலாம். மிரட்டல் வரிகளில் சில ஹாலிவுட் வசனங்களைப் போலவே இருப்பது இரண்டாவதற்கு வலு. ஆனால் அந்தப் படங்களைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நேரம் இன்னும் சுவாரசியம். "நாளை காலை 8 முதல் 10 மணிக்குள் போன் செய்வேன், ஓய்வெடுத்துக்கொள், பணத்தை முன்னதாக எடுத்தால் முன்னதாகவே கூப்பிடலாம்." 1996 டிசம்பர் 26 வியாழக்கிழமை. கடிதம் கிடைத்தது விடியுமுன். "நாளை" என்பது 26 என்றால், எட்டு மணிக்குள் வங்கிக்குப் போய்ப் பணமெடுத்து, ஓய்வும் எடுக்க வேண்டும். நடக்காது. 27 என்றால் எல்லாம் பொருந்தும். ஆனால் வீட்டிலேயே உடல் இருக்க, ஒரு பகலும் ஒரு இரவும் கண்டுபிடிக்கப்படாது என்று எழுதியவர் நம்பியாக வேண்டும். இரண்டில் எது என்று கடிதம் சொல்லாது. ஆனாலும் எந்தக் கோட்பாடு சொன்னாலும் இந்த வரியைத் தாண்டியாக வேண்டும். போலீஸ் அன்று காலை 8 முதல் 10 வரை காத்திருந்தது, போன் வரவில்லை.

ஒரு சின்னச் சோதனை. அதே போன்ற மார்க்கரால் அந்த 370 சொல்லையும் கையால் எழுதுங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 20 சொல் என்றால் பார்த்து எழுதவே இருபது நிமிடம் ஓடும். யோசித்து எழுத இன்னும் கூடும். மூலத்தில் ஒரு 'டெலிவரி' அடிக்கப்பட்டு 'பிக்-அப்' ஆகியிருக்கிறது, 'நாட்' ஒன்று மேலே செருகப்பட்டிருக்கிறது. அந்நியர் வீட்டில் யாரும் வந்துவிடலாம் என்ற பயத்தோடு இவ்வளவு நேரம் யாருக்கு முடியும் என்ற கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும்: வீட்டார் இல்லாத மாலையில் உள்ளே நுழைந்தவனுக்கும் முடியும்.

இந்த முறையின் மறைமுகச் செலவு, குறியீட்டு மோகம். கடிதம் "விக்டரி! எஸ்.பி.டி.சி" என்று முடிகிறது. நாலு எழுத்துக்கு எத்தனை விரிவு வேண்டுமானாலும் தைக்கலாம், ஜான் கடற்படையில் இருந்த பிலிப்பைன்ஸ் தளம் உட்பட. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற இந்த வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். "உன் தெற்கத்திப் பொது அறிவைப் பயன்படுத்து" என்ற வரியும் அப்படித்தான். ஜான் அட்லாண்டாவிலிருந்து வந்தவர், பிறந்து வளர்ந்தது தெற்கில் அல்ல. இதைக் கேலி என்றும் அறியாமை என்றும் சம எடையில் வாதாடலாம்.

## காகிதம், மை, ரேகை

உறுதியான உண்மைகள் கிடைத்தது இந்த வழியில்தான். தாளும் பேனாவும் அந்த வீட்டுடையவை. கையெழுத்து மாதிரிக்காக அன்று காலை ஜானே போலீசிடம் கொடுத்த குறிப்பேட்டில் "மிஸ்டர் அண்ட் மிஸஸ்" என்று தொடங்கி விட்ட ஒரு பக்கம் இருந்தது. இது எந்தக் கையெழுத்து வட்டத்தையும்விடக் கனமானது. எழுதியவர் அந்த வீட்டில் உட்கார்ந்து, ஒருமுறை எழுத ஆரம்பித்து, பிடிக்காமல், மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

ஆனால் அமெச்சூருக்கு இதில் வேலை கிடையாது. தாளில் பதிந்த அழுத்தத் தடத்தை மின்னேற்ற முறையில் எடுப்பதும், மையைப் பிரித்துப் பார்ப்பதும், நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைப் போட்டு ரேகையை ஊதா நிறத்தில் எழுப்புவதும் ஆய்வகத்தில் மூலத்தை வைத்துச் செய்பவை. வரிசை தவறினால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். கடிதத்துக்கு வெளியே, குழந்தையின் உடையில் கிடைத்த அடையாளம் தெரியாத ஆண் டி.என்.ஏ.வை வைத்து 2008-இல் மாவட்ட வழக்கறிஞர் குடும்பத்தைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துக் கடிதம் கொடுத்தார். 1999-இல் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) பெற்றோர் மீது குற்றம் சாட்ட வாக்களித்ததும், அப்போதைய வழக்கறிஞர் கையெழுத்திட மறுத்ததும் அதே கோப்பில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைக்காமல் ஒன்றை மட்டும் சொல்பவரை நம்ப வேண்டாம்.

1932-இல் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட வழக்கிலும் பத்துக்கு மேல் மிரட்டல் கடிதங்கள், எழுத்துப் பிழை ஆராய்ச்சி, கையெழுத்து நிபுணர் படை எல்லாம் இருந்தன. 1934-இல் ஆளைக் காட்டிக் கொடுத்தது மீட்புப் பணத்திலிருந்து செலவழிந்த தங்கச் சான்று நோட்டும் (தங்கத்துக்கு ஈடாக வெளியிட்ட பழைய பண நோட்டு), பெட்ரோல் பங்க் ஊழியர் அதில் குறித்து வைத்த வண்டி எண்ணும். போல்டரில் பணம் கைமாறவே இல்லை. அந்த வழி பிறக்குமுன்பே அடைந்துவிட்டது.

## எது யாருக்கு

கூட்டமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறவர்கள் உள்ளடக்கத்தில் தொடங்குங்கள். "யார்" என்ற வரிசையைத் தாளில் போடவே வேண்டாம். "எழுதியவருக்குத் தெரிந்தது", "தெரியாதது", "வேறு விளக்கம்" என்று மூன்று வரிசை போடுங்கள். மூன்றாவது வரிசை காலியாக இருந்தால் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். நிரல் எழுதத் தெரிந்து, இரண்டு மாதம் பொறுமையும் இருப்பவருக்கு நடைக் கணக்கு நல்ல பயிற்சி, முன்சோதனையோடு. கையெழுத்து, மறைப்புச் சோதனை நடத்தத் தயாராக இருப்பவருக்கு மட்டும். ஆய்வகச் செய்திகளைப் படியுங்கள், செய்யப் பார்க்காதீர்கள்.

தப்பானால் அடி விழும் இடம் கற்பனை அல்ல. 2006-இல் பாங்காக்கில் ஒருவர் தானே கொன்றதாகச் சொல்லிக் கைதாகி, டி.என்.ஏ. பொருந்தாமல் விடுபட்டார். அவர் கதையை முதல் வாரத்தில் "ஒத்துப்போகிறது" என்று சொன்னவர்கள் ஏராளம். குழந்தையின் அண்ணன் மீது சந்தேகத்தைத் திருப்பிய 2016 தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக சி.பி.எஸ். மீது 75 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடரப்பட்டது. 2019-இல் அது சமரசமானது. பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் போடும் வீடியோவுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவு உண்டு: அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கில் பேசினால் இறந்தவரைப் பற்றிய பேச்சும் அதில் அடங்கும். பாட்ஸி 2006-இல் இறந்துவிட்டார், அதனால் பேசலாம் என்று நினைப்பவர்கள் அந்தப் பிரிவின் முதல் விளக்கத்தைப் படித்துவிட்டு கேமராவை ஆன் செய்யட்டும்.